நாலு சட்டி விருந்து

"எடு சுகு, ஏன் வேடிக்கை பாக்குற? கோழியக் குத்து, எண்ணெயில விடு, எடுத்துச் சாப்பிடு. அவ்வளவுதான் லா!"

முதலாளி லிம் நீட்டிய நீளமான முள்கரண்டியைச் சுகுமாறன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதன் நுனியில் வேகாத கோழித் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்டாலிங் ஜெயாவில் முதலாளியின் வீடு. மேசையில் நாலு சின்னச் சட்டிகள், நாலுக்கும் அடியில் குட்டி அடுப்பு. ஸ்விட்சர்லாந்தில் படிக்கும் மகள் வாங்கி அனுப்பிய செட்டாம், ஃபோண்டு என்று பேராம். ஒன்றில் உருகிய சீஸ், ஒன்றில் கொதிக்கும் எண்ணெய், ஒன்றில் கோழி சூப், கடைசியில் சாக்லேட். எதையாவது குத்தி எதிலாவது முக்கித் தின்ன வேண்டியதுதான்.

விருந்துக்கு வந்த சுகுமாறனுக்கு அன்று தைப்பூச விரதத்தில் முப்பத்தோராவது நாள். போன மார்ச்சில் டெங்கிக் காய்ச்சல் வந்து, மகள் தாமரை ஐ.சி.யூ.வில் கண் திறக்காமல் கிடந்தாள். "பிழைக்க வெச்சிடு முருகா, தைப்பூசத்துக்குப் பத்துமலையில பால்குடம் எடுக்கறேன்" என்று ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். பிள்ளை பிழைத்துவிட்டாள். இனி அவன் முறை.

அதைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. சீஸ் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு கவர் இருந்தது. அதற்குள் சூப்பர்வைசர் வேலைக்கான கடிதம்.

"தைப்பூசத்தன்னைக்கு மூணு கண்டெய்னர் ஏத்தணும். நம்ம ஃபேக்டரியில தமிழ் ஆளு ஒருத்தனும் இருக்க மாட்டான், எல்லாம் பத்துமலைக்கு ஓடிடுவானுங்க. போன வருஷம் நீதான் வந்தே. இந்த வருஷமும் வந்தா லெட்டர் உனக்கு, இல்லாட்டி உன்கூட வேலை செய்யுற லோகனுக்கு" என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார் லிம். எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சுகுமாறனிடம் ஒரு திட்டம் இருந்தது. இப்போதைக்குத் தலையாட்டிவிடுவது. தைப்பூசத்தன்று விடிந்ததும் காய்ச்சல் என்று கிளினிக்கில் எம்.சி., அதாவது மருத்துவச் சான்று, வாங்கி அனுப்பிவிடுவது. விரதம் என்று இப்போது வாயைத் திறந்தால், அன்றைய காய்ச்சலின் குட்டு உடைந்துவிடும்.

"வயிறு சரியில்ல பாஸ்."

"அப்போ எண்ணெய் வேணாம்." லிம் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வயிற்றுக்கு சூப்தான் நல்லது என்று மலாயில் சொல்லியபடி, அவர் மனைவி கோழி சூப்பை அவன் பக்கம் நகர்த்தினார்.

"சூடு ஆகாது மேடம். பல்லு வலி."

"ஒரே ஆளுக்கு எத்தனை வியாதி லா!" லிம் சிரித்தார். "சரி, சீஸை ஆறவெச்சுச் சாப்பிடு." அவர் ரொட்டித் துண்டையும் அவித்த உருளைக்கிழங்கையும் சீஸில் மாறி மாறிச் சுழற்றி, வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தார்.

வாசனை ஆளைத் தூக்கியது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிறு வேறு மானத்தை வாங்கியது. ஆனால் சட்டிக்குப் பின்னால் ஓர் ஒயின் போத்தல் நின்றது. சீஸை ஒயின் ஊற்றித்தான் உருக்குவார்கள் என்று தாமரை ஃபோனில் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"சீஸ் எனக்கு அலர்ஜி பாஸ்."

மிச்சம் இருந்தது சாக்லேட். வாழைப்பழத்தைக் குத்தி ஆசை ஆசையாக முக்கப் போனான். கொஞ்சம் பிராண்டி ஊற்றியிருக்கிறேன், நல்லா இருக்கும் என்றார் மேடம். அவன் கரண்டி பாதி வழியில் நின்றது. லிம் தன் பழத்தை எதிலும் முக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"என்ன சுகு, தைப்பூசத்தன்னைக்கு வருவியா, மாட்டியா? கையடிச்சுச் சொல்லு. எம்.சி. கிம்சி எடுத்து என் கழுத்த அறுத்துடாத."

நாலு சட்டியும் கொதித்துக்கொண்டிருந்தன. சுகுமாறனுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. பொய் சொல்லப் பயமாக இருந்தது, சொல்லாமல் இருக்க அதைவிடப் பயமாக இருந்தது.

"வரேன் பாஸ்" என்று கையடித்தான். மன்னிச்சுக்கோ முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

லிம் கவரை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினார். சுகுமாறனுக்கு உறுத்தியது. முதலாளியே அங்கே நின்றால் தான் இல்லாமலும் லோடு ஏறிவிடும், பெரிய பாவமில்லை என்று ஒரு சமாதானம் தேடினான்.

"அன்னைக்கு நீங்க ஃபேக்டரியில இருப்பீங்கதானே பாஸ்?"

லிம் மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த ஒயின் போத்தலை எடுத்து அவன் முன்னால் வைத்தார். மூடியின் சீல் அப்படியே இருந்தது.

"இதைத் திறக்கவே இல்ல, பாரு. இவ எலுமிச்சை பிழிஞ்சுதான் சீஸை உருக்குனா."

சுகுமாறனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லிம் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீ இருக்குற தைரியத்துலதான் லா நான் காவடி எடுக்குறேன்."