ஊமைச் சுருளும் செல்போனும்

கோமதி காலமான பிறகு, பீரோவில் கிடந்த அவளுடைய கல்யாணப் பிலிம் சுருளைப் பிள்ளைகள் வெளியே எடுத்தார்கள். அது சத்தமே இல்லாத ஊமைப் படம். புரொஜெக்டரில் ஓட்டி, சுவரில் விழுவதைச் செல்போனில் பதிவு செய்வதாக ஏற்பாடு.

“உடம்பெல்லாம் மொறமொறன்னு ஆயிடுச்சு தம்பி. பாதியிலே அறுந்துட்டா, கல்யாணப் பொண்ணா கோமதியை அப்புறம் யாருமே பார்க்க முடியாது” என்று சுருள் பயந்தது.

“நீங்க ஓடுங்கக்கா, நான் பிடிச்சுக்கிறேன்” என்றது செல்போன்.

கடவுளே, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டே சுருள் ஓடியது. கடைசிக் காட்சி முடிந்த பிறகுதான் பட்டென்று அறுந்தது.

செல்போன் திருதிருவென்று விழித்தது. “அக்கா, காதை மூடிக்க மறந்துட்டேன். புரொஜெக்டர் கடகடப்பு, குக்கர் விசில், பிள்ளைங்க பேச்சு எல்லாம் படத்துல விழுந்திருச்சு. சத்தத்தை மட்டும் அழிச்சிடறேன்.”

“அவசரப்படாதே. முதல்ல போட்டுக் காட்டு.”

செல்போன் திரையில் மணப்பெண் கோமதி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சுவரில் அதைப் பார்த்தபோது மகள் தன்னை மறந்து “அம்மா!” என்று கூப்பிட்டது பதிவில் கேட்டது. அதே நேரம் கோமதி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.



“குக்கர் விசில்கூட இருக்கட்டும் தம்பி” என்றது சுருள்.