அத்தை பாட்டு

“வேணாம்! அத்தை பாட்டு!” என்று பூர்ணிமாவின் வாயைக் கையால் பொத்தினான் கோபி.

இரண்டரை வயசுக் கைதான். ஆனாலும் சுரீரென்றது. அன்றைக்கு அவள் பாடிப் பார்த்தது நாலாவது பாட்டு. சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, காக்கா பாட்டு, எதுவும் செல்லுபடியாகவில்லை. கடைசியில் அழுது களைத்துத்தான் தூங்கினான்.

“அந்த மாடத்தி அப்பிடி இன்னா பாட்டுதான் பாடறா?” என்று புருஷன் ரங்கநாதனிடம் பாய்ந்தாள்.

“நீயும் நானும் ஷிப்டுக்குப் போய்க்கினு கீறோம். பகல்ல அவதான் பாத்துக்கறா. எதையோ பாடி தூங்க வெச்சா சரி. உனக்கின்னா?”

“இன்னாவா? கேட்டா ‘போங்கக்கா, வெக்கமாருக்கு’ன்னு உள்ள ஓடறா. எம்புள்ளைய மயக்கற பாட்டு எனக்குத் தெரியக் கூடாதாமா?”

ரங்கநாதன் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கார் கம்பெனி வந்த நாலைந்து வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் வரிசை வரிசையாக முளைத்த வாடகை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரி மாடத்தி. கோபிக்கு அவள் ‘அத்தை’. தென்காசிப் பக்கத்துப் பெண். கோபி பிறந்த மூன்றாம் மாதமே பூர்ணிமா வேலைக்குத் திரும்பியபோது, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டது அவள்தான். நல்லவள். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டாவது தொலைக்கலாம்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பிரயோஜனம்? பூர்ணிமாவுக்கு இன்றைக்கும் ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வந்தால், அம்மா காமாட்சியம்மாள் அதைப் பாடிக்கொண்டே தலைக்குத் தேய்த்த எண்ணெயின் வாசனை மூக்கில் வந்துவிடும். நாளைக்குக் கோபி வளர்ந்து ஆளானதும், சின்ன வயசுப் பாட்டு என்றால் அவனுக்கு மாடத்தி ஞாபகமா வர வேண்டும்? பெற்றவள் எந்தப் பாட்டிலும் இல்லாமல் போய்விடுவாளே!

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. ஒயர்ப் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். கட்டி முடிக்க முடியாதவர்கள் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் லைன் நின்று, ஸ்பீக்கரில் ஒரு மணிப்பாட்டு அடிக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாட்டு. யாரால் லைன் நின்றது என்று எட்டிப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பத்து மணிக்குள் மூன்று தடவை பூர்ணிமாவின் பாட்டு அடித்தது.

“இன்னாம்மா, கச்சேரி ஆரம்பிச்சிட்டியா?” என்று வந்தார் சூப்பர்வைசர் தாண்டவராயன். “மாசமா இருந்தப்போதான் நாள் பூரா உம் பாட்டு. இப்போ இன்னா கேடு?”

நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டாள். கோபியை நாளைக்கே காஞ்சிபுரத்துக்கு அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. வாரத்துக்கு ஒரு நாள்தான் பார்க்க முடியும். போகட்டும். அங்கே யார் பாடினாலும் நம் வீட்டுப் பாட்டாக இருக்கும்.

வாசலில் மாடத்தியின் மடியில் கோபி அரைக் கண்ணில் கிடந்தான். பூர்ணிமாவைக் கண்டதும் மாடத்தி டக்கென்று வாயை மூடிக்கொண்டாள்.

“ஏன் நிறுத்திட்ட? பாடு.”

“என்னக்கா, சீக்கிரமே வந்துட்டிய? எனக்குப் பாட்டெல்லாம் படிக்கத் தெரியாதுக்கா.” மாடத்தியின் ஊரில் பாட்டைப் படிப்பார்கள்.

“தெரியாமதான் எம்புள்ளைய மயக்கி வெச்சிக்கினு கீறியா? இன்னிக்கு நான் கேட்டே ஆவணும். நாளையிலேர்ந்து அவன் உங்கிட்ட வர மாட்டான்.”

மாடத்தியின் முகம் சுண்டிப்போனது. பிள்ளையை ஒரு தடவை இறுக்கிக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்தபடி மெதுவாக முனகினாள். வார்த்தையே இல்லை. வெறும் ராகம்.

இரண்டு வரி போவதற்குள் பூர்ணிமாவுக்கு ராகம் பிடிபட்டுவிட்டது.

“இது... இது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“உங்ககிட்ட இருந்துதாங்க்கா! நீங்க மாசமா இருக்கையில, வேலை விட்டு வந்து கொழாயடில பாத்திரம் வெளக்கும்போது இதத்தான முனங்குவிய? கைப்பிள்ளையா இவன் விடாம அழுதப்ப, தெரிஞ்ச பாட்டெல்லாம் படிச்சுப் பாத்தேன். கேக்கல. இத முனங்குனதும் கப்புன்னு நிறுத்திட்டான். வயித்துக்குள்ள கெடந்து கேட்டிருப்பாம்லா! உங்க பாட்ட உங்க முன்னாலயே படிக்க வெக்கம் இருக்காதாக்கா?”

முனகினாளா? அது பூர்ணிமாவுக்கே தெரியாது.

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நாலு பேர் சிரிக்க, லைன் நின்றபோதெல்லாம் கம்பெனி ஸ்பீக்கரில் அடித்த தன் கயிற்றுப் பாட்டை முதல் தடவையாக வாய்விட்டுப் பாடினாள்; கோபி அவள் வாயைப் பொத்தவில்லை.