எட்டுக்கண்ணன் போட்ட நிபந்தனை

"பாவம், பக்கத்து மேஜையில அவன் வரிசையைப் பாரும்மா. பத்துப் பேர் தேற மாட்டாங்க போலிருக்கு" என்றார் கேப்டன், தன் முன்னால் வளைந்து நின்ற கூட்டத்தைக் கண்ணாலேயே அளந்தபடி.

படக் கம்பெனிப் பெண் கையிலிருந்த எண்ணும் கருவியை ஒருமுறை அமுக்கிக்கொண்டாள்.

'பதினோராம் கிரகம்' டி.வி. தொடராக வந்த காலத்தில் கேப்டன்தான் அதில் எல்லாம். முதல் மூன்று வருஷம் ஓகோவென்று ஓடியது. நாலாவது வருஷம் கதை தீர்ந்துபோய், கேப்டனுக்கு ஞாபகம் போனது. ஆறாவது வருஷம் அவருக்கு ஓர் இரட்டைப் பிறவி முளைத்தான். கடைசி வருஷம், எடுத்தவர்களின் சொந்தக்காரர்களே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் கேட்பாரற்றுக் கிடந்ததை யாரோ தூசி தட்டிச் சினிமாவாக எடுத்தார்கள். முதல் பாகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் பாகம் மண்ணைக் கவ்வியது. மூன்றாவதில் பழைய ராட்சதன் எட்டுக்கண்ணனை வேடிக்கைக்கு ஒரே ஒரு காட்சியில் நடக்க விட்டார்கள். படம் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

நாலாம் பாகத்தில் பழைய நடிகர் ஒருவருக்கு நல்ல வேஷம் இருக்கிறதாம். இன்று இந்தக் கடை வளாகத்தில், மதியம் ஒரு மணிக்குள் கேப்டன், எட்டுக்கண்ணனாக நடித்தவர் இருவரில் யார் அதிகம் பேருக்குக் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்குத்தான் அது.

ஒரு வாரமாகக் கேப்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு வேலை இல்லை. பழைய யூனிஃபார்மை மனைவி இடுப்பில் பிரித்து, இரண்டு விரற்கடை விட்டுத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

எட்டுக்கண்ணனாக நடித்தவர் காலையில் வந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"அண்ணி தச்சதா கேப்டன்? நல்லா உட்கார்ந்திருக்கு. இப்ப என்ன படம் பண்றீங்க?"

"வருது, நிறைய வருது. நான்தான் ஒத்துக்கறதில்லை."

அவர் கேப்டனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதானே" என்றார். ரப்பர் தலையைத் தூக்கி மாட்டிக்கொண்டு தன் மேஜைக்குத் தடவித் தடவிப் போனார்.

"எட்டுக் கண்ணும் கண்ணாடிம்மா" என்று கேப்டன் கம்பெனிப் பெண்ணுக்கு விளக்கினார். "வாய் ஓட்டை வழியாத்தான் பார்க்கணும். மேஜை தெரியும், எதிர்ல நிக்கிற ஆள் தெரியாது. ஷூட்டிங்ல எத்தனை தடவை என் மேலயே வந்து மோதியிருக்கான் தெரியுமா?"

வரிசையில் அடுத்து நின்ற நர்ஸ் ஒரு படத்தை நீட்டினாள். அதுவும் எட்டுக்கண்ணன் படம். காலையிலிருந்து எல்லோரும் அதையே நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் படம் கிடைக்கலையாம்மா?"

அவள் கொஞ்சம் முழித்தாள். "தீர்ந்து போச்சு சார்."

"தீராம என்ன பண்ணும்" என்று சிரித்தபடி, கேப்டன் ராட்சதனின் வயிற்றின் மேலேயே கையெழுத்துப் போட்டார். "ஒரு உதவி பண்ணும்மா. அப்படியே அவன்கிட்டயும் ஒண்ணு வாங்கிட்டுப் போ. அவனும் மனுஷன்தானே."

"கண்டிப்பா சார்" என்றவள், கிட்டத்தட்ட ஓடினாள்.

பெரிய மனசோடு எல்லோரிடமும் அதையே சொல்லி அனுப்பினார் கேப்டன். அவர் சொல்லைத் தட்டாமல் பெரும்பாலோர் போகவும் செய்தார்கள்.

மணி ஒன்று.

"உங்களுக்கு இருநூத்திப் பன்னிரண்டு, அவருக்கு நூத்தி எண்பத்தேழு" என்றாள் கம்பெனிப் பெண். "வேஷம் உங்களுக்குத்தான் சார்."

கேப்டன் மனைவிக்குப் போன் போட்டார். "கிடைச்சிடுச்சு" என்றார். நெஞ்சு முழுக்கச் சந்தோஷம். அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எட்டுக்கண்ணன் மேஜையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். மணி ஒன்றானது அந்த ரப்பர் தலைக்குள் எட்டவில்லை போலும். கேப்டனுக்கு மனசு கேட்கவில்லை. தோற்றுப்போனவன் வரிசையில் நாமும் ஒரு ஆளாக நின்றால்தான் என்ன?

படம் தேடி மேஜைக்கடியில் குனிந்தார். அவருடைய படங்கள் ஒரு கட்டு, போட்ட முடிச்சுகூட அவிழ்க்காமல் கிடந்தது. புதுசா வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தது. படத்தை மேஜையில் வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாய் திறக்காமல் காத்திருந்தார்.

எட்டுக்கண்ணன் பேனாவைத் திறந்தார். ரப்பர் தலை குனிந்து படத்தை மேலும் கீழும் துழாவியது. பேனா மறுபடி மூடிக்கொண்டது.

"அட, கேப்டன் படமா? இன்னிக்கு இதைக் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றது உள்ளேயிருந்து வந்த குரல். "ஆனா, இதுல அவர் கையெழுத்து இல்லையே. பக்கத்து மேஜையில போய் வாங்கிட்டு வந்துடுங்க, அது இருந்தாத்தான் நான் போடுவேன். காலையிலேருந்து எல்லாருக்கும் இதே கண்டிஷன்தான். நான் அனுப்பினேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."