ஒருநாள் விட்டு ஒருநாள் வலி

"வலி எங்கண்ணே? தோள்லயா, முழங்கையிலயா?"

"முழங்கை உள்பக்கம் மாஸ்டர். சுண்டி இழுக்குது."

தம்புள்ஸைப் பொத்தென்று கீழே போட்டார் சேவுகன். வயசு நாற்பத்தாறு, மின்வாரியத்தில் லைன்மேன். அவர் மாஸ்டர் என்று கூப்பிடுகிற அஜித்துக்கு இருபத்தெட்டுதான். திருவரங்குளத்தில் ஜிம் வைத்து இரண்டு வருஷமாகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் மாவட்டப் பளுதூக்கும் போட்டி. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் பிரிவில் சேவுகன் ஜெயித்தால், ஜிம்முக்கு அதுதான் முதல் கோப்பை. கோட்டை விட்டால், 'அந்த ஜிம்முல போயி கையைக் கெடுத்துக்கிட்டாரு' என்று ஊரே பேசும். அப்புறம் எவன் வருவான்?

அஜித்துக்கு மண்டை காய்ந்தது. எடையைக் குறைத்தான். பிடியை மாற்றினான். ஐஸ் ஒத்தடம், முட்டை, வாழைப்பழம் எல்லாம் ஆச்சு. வலி போகிற வழியைக் காணோம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த வலி தினமும் வராது. நோட்டில் குறித்து வைத்துப் பார்த்தான். முந்தாநாள் வலி, நேற்று இல்லை, இன்றைக்கு வலி. வலிக்குக்கூடவா டைம்டேபிள்? அதுவும் வலிக்கிற அன்றைக்கெல்லாம் மனுஷன் அரைமணி நேரம் லேட்டாகத்தான் வருகிறார்.

"அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. ஆலங்குடியில வேற ஜிம்முக்குப் போறீங்களா?"

"ஆத்தாடி! ஒங்களுக்குத் துரோகம் பண்ணுவேனா மாஸ்டர்?"

"அப்ப கரண்டு கம்பத்துல ஏறுற வலியா?"

"அது தெனமும் ஏறுறதுதானே." சிரித்து மழுப்பினார்.

அஜித் விடுவதாயில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவனைப் பெற்ற ஆத்தா.

"தோள்பட்டைய அசைக்க முடியலப்பா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?"

"வெந்நி ஒத்தடம் குடு ஆத்தா. இங்க ஒருத்தருக்குக் கைவலி, போட்டி வேற வருது. வாரேன், வாரேன்."

வைத்துவிட்டான். கல்யாணமானதிலிருந்து அவன் குடித்தனம் ஜிம் மாடியில். ஆத்தா கிழக்குத் தெருவில் தனியாக.

சேவுகன் சுவரில் மாட்டியிருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் விளையாட்டில் இளவட்டக்கல்லைத் தோளில் தூக்கி நிற்கிற அஜித். பக்கத்தில், பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய ஆத்தா. ஜிம்மில் யார் புதிதாகச் சேர வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அஜித் ரசீது போட்டதில்லை.

அடுத்த வலி நாளை மறுநாள் வரவேண்டும். அன்றைக்கு விடிய ஐந்தரைக்கு ஜிம் சாவியை மனைவி ரஞ்சிதா கையில் கொடுத்துவிட்டு, கிழக்குத் தெருவுக்கு நடந்தான். சேவுகன் வீடும் அங்கேதான். 'அப்படியே ஆத்தாவையும் எட்டிப் பாத்துரலாம். பாத்து ஒரு மாசமாச்சு' என்று நினைத்துக்கொண்டான்.

தெருக்குழாயடியில் ஒரே கூட்டம். மேடான தெரு அது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் ஏறும். வரிசையில் நின்ற பொம்பளைகளுக்கு நடுவே, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கு ஒரு நிறைகுடத்தோடு கிளம்பினார் ஒருவர்.

சேவுகன்!

"அடப்பாவி மனுஷா!" அஜித் பாய்ந்தான். "போட்டிய வச்சுக்கிட்டு இதுதான் வேலையா? எத்தனை கொடம்?"

"எட்டு மாஸ்டர்." திருட்டு முழி முழித்தார்.

"ஒங்க வீட்டுக்கா?"

"எங்க வீட்டுல போர் தண்ணி இருக்கு."

"அப்ப யாருக்குத் தூக்குறீங்க?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். கேக்காதீங்க."

அஜித்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"அந்த வீட்டுல ஒரு ஆம்பளப்புள்ள இல்லையா? எட்டுக் கொடம் தூக்க வக்கில்லாத புள்ளையும் ஒரு புள்ளையா?"

வரிசையில் நின்ற காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்காப்ல மாஸ்டர்." சேவுகன் தலையைக் குனிந்துகொண்டார். "அவருக்கு வேலை ஜாஸ்தி."

"பெரிய வேலை! குடுங்க இங்கிட்டு!"

ஒரு குடத்தைப் பிடுங்கினான். பிடுங்கின வேகத்தில் அது திரும்பியது. தண்ணீர் தளும்பி வழிந்த கழுத்தில், வெட்டியிருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

'பொங்கல் விழா. இளவட்டக்கல் முதல் பரிசு. மு. அஜித்.'