பர்மனென்ட் லட்டு

நெய்வேலி மந்தாரக்குப்பத்தில் முதல் பஸ் பிடித்து வந்த இளவழகன், கல்லூரி அலுவலக வாசலில் லட்டுப் பெட்டியோடு காத்திருந்தான். எதிர் பெஞ்சில் ஒட்ட வெட்டிய முடியும் பழுப்பு ஷூவுமாக இருவர். வேலைக்குப் போட்டி என்று நினைத்து, கொஞ்சம் இரக்கப்பட்டான்.

மூன்று நாளுக்கு முன் அந்த மெயில் வந்தது. 'அன்புடையீர், தாங்கள் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகியுள்ளீர்கள்' என்று தொடங்கி, 'அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்' என்று முடிந்திருந்தது. எப்போது விண்ணப்பித்தோம், எந்த முகவரிக்கு வந்தது என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. பர்மனென்ட் என்ற சொல்லுக்குப் பிறகு நெய்வேலியில் யாரும் எதையும் படிப்பதில்லை.

சுவரில் மாணவர்களுக்கான நோட்டீஸ்: 'பெயர் போடாமல் வரும் மெயிலை நம்பாதே.' இளவழகன் படித்துச் சிரித்துக்கொண்டான்.

உள்ளே சான்றிதழ் சரிபார்க்க கிளார்க் தனகோடி உட்கார்ந்திருந்தார். பேர் கேட்டார். மெயிலிலேயே இருக்குமே என்றான். பரவாயில்லை, சொல்லுங்கள் என்று பேர், தெரு, கதவு எண் வரை நிதானமாக எழுதிக்கொண்டார். மார்க் ஷீட், ஆதார் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பூட்டுகிற கையைப் பார்த்தபடி, "நீங்க பர்மனென்டா மேடம்?" என்றான்.

"பதினோரு வருஷமா கான்ட்ராக்ட்தான். போன மாசம் ஒரே ஒருநாள் பர்மனென்டா இருந்தேன். ஆபீசுக்கே லட்டு குடுத்தேன். இன்னும் என்னப் பாத்தா லட்டு எங்கன்னு கேக்கறாங்க."

அவனுக்குப் புரியவில்லை. வேலை கிடைக்கப்போகிறதே என்று மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

"வூட்ல சொல்லியாச்சா?"

"அம்மா நேத்தே தெரு முழுக்க லட்டு குடுத்துகினு வந்துட்டாங்க மேடம். ஒரு வூடு பாக்கி இல்ல."

தனகோடியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அவன் நீட்டிய பெட்டியிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். பழுப்பு ஷூக்காரர்கள் இருவரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள்.

"ஆர்டர் எப்ப மேடம் குடுப்பீங்க?"

தனகோடி லட்டை மென்று முடித்தார்.

"போன மாசம் நீ எனக்கு அனுப்பின மெயில்தான் தம்பி. 'பணம் கட்டவும்'னு இருந்த கடைசி வரிய மட்டும் மாத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன்."