சென்னியப்பனின் குரல்

மேடைகளில் மிமிக்ரிக்கு ஆள் கூப்பிடுவது நின்றுபோன பிறகு இளம்பரிதிக்கு இந்தப் புதுத் தொழில் அமைந்தது. உரிமையாளரின் குரலுக்கு மட்டும் பணியும் வீடுகள், அவர் செத்துப்போனால் யார் பேச்சையும் கேட்காமல் முரண்டு பிடித்தன. இயந்திரக் குரலை அவை கண்டுபிடித்துவிடும். செத்தவரைப் போலப் பேசும் மனிதத் தொண்டையிடம் ஏமாந்துவிடும். இந்த வேலையில் கைதட்டல் கிடைக்காது. ஆனால் யாராவது ஒருவர் நிச்சயம் அழுவார்.

அன்று போன வீடு கோவையில். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கணவர் சென்னியப்பனை இழந்த சுலோச்சனா இருட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஃபேன்கூட ஓட மாட்டேங்குதுங்க தம்பி. அடுப்பு பழசுங்கறதால சோறாவது பொங்கறேன்.”

சென்னியப்பனின் குரலை வீடியோக்களில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “லைட்டப் போடு” என்றான்.

விளக்குகள் எரிந்தன. வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

“வாங்கய்யா, எத்தன நாளாச்சு!” என்றது வீடு.

சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இனிமே சுலோச்சனா சொல்றதையும் கேளு” என்று அதே குரலில் உத்தரவு போட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று கிளம்பினான். “கதவத் தொற.”

“வெயில்ல நீங்க வெளிய போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்கய்யா.”

பதறிப்போய்ச் சொந்தக் குரலில் கத்தினான். “நான் அவரில்ல! கதவத் தொற!”

“யாரோ வேத்தாள் சத்தம் கேக்குது. பயப்படாதீங்கய்யா, எல்லாக் கதவையும் பூட்டிட்டேன்.”

இளம்பரிதி சுலோச்சனாவைப் பார்த்தான். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் சாப்பாட்டு மேசையில் இரண்டாவது தட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

“சோறு ஆறுதுங்க மாமா” என்றாள்.