உருண்டைக் கைப்பிடி

"யாரோ வீட்டுல அரத்தால ராவி உருட்டின கைப்பிடி இது. பரிசுக்கு ஏத்துக்க முடியாது, பெரியவரே," என்று பழைய ரிவால்வரைத் தள்ளினாள் லோர்னா, துல்சா துப்பாக்கிக் கண்காட்சியின் நடுவர்.

அதைக் கொண்டுவந்திருந்த வழுக்கைத்தலை டெல்பர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ராவியிருந்தா அடியில இருக்கிற நம்பரும் போயிருக்குமேம்மா! முழுசா இருக்கு பாரு. தொழிற்சாலையிலேயே இப்படிச் செஞ்சது!"

"இந்த மாடலுக்குச் சதுரக் கைப்பிடி மட்டுந்தான்னு புத்தகத்துல இருக்கே?"

"புத்தகம் தப்பு!"

"முப்பது வருஷமா அதை வச்சுத்தான் தீர்ப்பு சொல்றோம். எழுதினவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?"

"அந்த மடையன் அப்ப இந்த மாதிரி ஒண்ணைக் கண்ணாலகூடப் பார்த்ததில்லை!"

"மரியாதையாப் பேசுங்க!" லோர்னா புத்தகத்தை அவர் முன்னால் கவிழ்த்துப் போட்டாள்.

பின்னட்டையில், ஆசிரியர் படத்தில், தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தார் டெல்பர்ட்.